பெரிய சகலை கட்டம்

க்யூபைத் தட்டினால் டங் என்று சத்தம் வர வேண்டும். அதுதான் அவருடைய கட்சி. பத்தொன்பது வருடமாக அந்தக் கட்சிக்குத் தலைவர், செயலாளர், தொண்டர் எல்லாமே அவர் ஒருவர்தான்.

அவர் வேலை பார்த்த ஆலைக்கு வாசலில் நீளமான பெயர்ப்பலகை இருந்தாலும், சுற்றுவட்டாரத்தில் அதை ‘விஷக் கம்பெனி’ என்றுதான் சொல்வார்கள். முலாம் பூசும் பட்டறை, பெயின்ட் கம்பெனி, பாட்டரி கம்பெனி என்று எங்கெங்கோ மிஞ்சிய கசடெல்லாம், யாரும் வைத்துக்கொள்ள விரும்பாத உறவுக்காரர் மாதிரி, டிரம் டிரம்மாக அங்கே வந்து இறங்கும். அதில் சிமெண்ட்டும் சாம்பலும் சுண்ணாம்பும் சேர்த்து, ஒரு வேன் அளவு இருக்கும் மிக்ஸரில் பிசைந்து, கெட்டியாக்கி, தடித்த கறுப்பு பிளாஸ்டிக் விரித்த குழியில் கொண்டுபோய் அடுக்குவார்கள். பிசைவது அவர் வேலை. மிக்ஸரின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, கையுறை போட்ட கையால் ஒரு பிடி எடுத்து அமுக்குவார். விரல் இடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. கையை விரித்தால், பிடித்த பிடி பிடித்தபடி நிற்க வேண்டும். நின்றால் தலையை ஆட்டுவார். அந்தத் தலை ஆடாமல் ஒரு வண்டிகூடக் குழிக்குப் போனதில்லை.

ஒவ்வொரு கலவையிலிருந்தும் சோதனைக்காகக் கனசதுரமாக ஆறு க்யூப் வார்த்து, ஈரச் சாக்கால் மூடி வைப்பார்கள். ஏழாம் நாள் சாக்கை விலக்கிச் சின்னச் சுத்தியலால் தட்டுவார். டங். சுற்றி நிற்பவர்களை ஒரு பார்வை பார்ப்பார். பாடகர்கள் பாடி முடித்துவிட்டுத் தண்ணீர் குடிப்பார்களே, அந்த மாதிரி.

கல்லூரிப் பிள்ளைகள் ஆலையைச் சுற்றிப் பார்க்க வந்தால் அவரைத்தான் பேச விடுவார்கள். “ஈயம்னா ஈயம்தான். எரிச்சாலும் ஈயம், கரைச்சாலும் ஈயம். அதைத் திருத்த முடியாது. அதனால சிமெண்ட்டோட கல்யாணம் பண்ணி வெச்சு, வீட்டுக்குள்ள உட்கார வெச்சிடறோம். மழை வந்து வாசல்ல நின்னு கூப்பிட்டாலும் வெளிய போகக் கூடாது. அவ்வளவுதான் எங்க வேலை” என்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள். மேனேஜர் அம்மா இதை எழுபது தடவை கேட்டிருந்ததால் அந்த நேரத்தில் போனைப் பார்ப்பார்.

ஆலையில் அவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். பத்தொன்பது வருடம் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய அந்தப் பட்டம் நாலே நாளில் கழன்று விழுந்தது. காரணம், அவருடைய சகலை.

அவர் மனைவிக்கு ஒரே தங்கை. தங்கையின் கணவர் வேறு ஊரில் ஒரு பெயின்ட் கம்பெனி லேபில் இருந்தார். அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். உங்கள் ஆலையில் லேபுக்கு ஆள் எடுக்கிறார்களாமே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று மனைவி கேட்டாள். காலையில் கேட்டாள், சாயங்காலம் கேட்டாள், நடுவில் போன் போட்டும் கேட்டாள். மாஸ்டர் போய் மேனேஜர் அம்மாவிடம் ஒரு வார்த்தைக்கு நாலு வார்த்தையாகவே சொன்னார். நல்ல பையன், பொறுப்பானவன், நான் ஜாமீன் என்றார். பையனுக்கு வயது முப்பத்தெட்டு. தன் தலையில் இப்படி மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும்போது அவர் புன்னகையோடு இருந்தார் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

ஆறு மாதம் ப்ரொபேஷன். அதற்குள் வேலை பிடித்துப்போனால் நிரந்தரம். இல்லையென்றால் நன்றி, வணக்கம். சகலையும் தங்கையும் இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி வீட்டுக்குக் குடிவந்தார்கள். பாத்திரம் பண்டம் நிறைந்த மூன்று அட்டைப்பெட்டிகளைக் கயிறுகூட அவிழ்க்காமல் ஒரு மூலையில் அடுக்கி வைத்திருந்தாள் தங்கை. வேலை நிரந்தரமாகட்டும், அப்புறம் பிரிக்கலாம் என்று சொல்லிவிட்டாள்.

இருவரும் சகலைகள் என்று தெரிந்ததும் லோடர் ஓட்டுகிறவர் பெயர் வைத்துவிட்டார். அவர் வாய்க்குப் பூட்டு கிடையாது. மாஸ்டர் பெரிய சகலை. வந்தவர் சின்ன சகலை. திங்கட்கிழமை வைத்த பெயர், வியாழக்கிழமை கேட் காவலாளி வாய் வரைக்கும் போய்விட்டது. தனி மரமாக நின்றவர், ஒரு ஜோடியில் பாதி ஆகிப்போனார்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். வீட்டில் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. சின்ன சகலை வந்தால் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பார். சமையலறைக் குழாய் ஒன்றரை வருடமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. பெரிய சகலை அதை ஒரு மாதிரி குடும்ப உறுப்பினராகவே ஏற்றுக்கொண்டிருந்தார். சின்ன சகலை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார், ஒரு ரப்பர் வளையத்தை மாற்றினார், சொட்டு நின்றது. அன்றிலிருந்து மனைவி எதற்கெடுத்தாலும், “அவரைக் கேட்டா தெரியும்” என்று சொல்ல ஆரம்பித்தாள். மின்விசிறி கிறீச்சிட்டால் அவரைக் கேட்டால் தெரியும். பல் வலித்தால்கூட அவரைக் கேட்டால் தெரியும். அவர் எவ்வளவு மெதுவாகப் பேசுகிறார், கவனித்தீர்களா என்றும் கேட்டாள். பெரிய சகலை இரண்டு நாள் மெதுவாகப் பேசிப் பார்த்தார். தொண்டை கட்டியிருக்கிறதா என்று கேட்டு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள்.

போதாக்குறைக்குச் சின்ன சகலைக்குத் தலை நிறைய முடி. இதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் பெரிய சகலை சொன்னார், மனதுக்குள்.

நான்காவது மாதம், மூடப்பட்ட ஒரு பாட்டரி கம்பெனியிலிருந்து இருநூறு டிரம் கசடு வந்தது. அத்தனையும் ஈயம். இதற்கு என்ன விகிதத்தில் எதைச் சேர்ப்பது என்று கண்டுபிடிக்கும் பொறுப்பை மேனேஜர் அம்மா சின்ன சகலையிடம் கொடுத்தார். இது சரியாக வந்தால் வேலை நிரந்தரம் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டார். வராவிட்டால் என்ன என்பதைச் சொல்லவில்லை; சொல்லத் தேவையும் இல்லை.

சின்ன சகலை நாற்பது காகிதக் கோப்பைகளில் நாற்பது விதமாகக் கலந்து லேப் ஜன்னலோரம் வரிசையாக வைத்தார். கடைசியில் அவர் தேர்ந்தெடுத்தது ஒரு விசித்திரமான கலவை. சிமெண்ட் கொஞ்சமே கொஞ்சம், சாம்பல் நிறைய, சுண்ணாம்பே கிடையாது. கூடவே, உரக்கடையில் மூட்டையாக விற்கும் பாஸ்பேட் உரம். விஷத்துக்கு உரம் போடுகிறவரை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார் லோடர்காரர். அந்தக் க்யூபை எடுத்துப் பெரிய சகலை தட்டினார். பொத் என்றது. ஊறிய பிஸ்கட்டைத் தட்டினால் வருமே, அந்தச் சத்தம்.

“உங்க சகலையோட க்யூபுக்கு உடம்பு சரியில்ல போல இருக்கே” என்றார் லோடர்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். பெரிய சகலைக்கு அன்றைக்கு வெயில்கூட இதமாக இருந்தது. ஆனால் சின்ன சகலை கோபப்படவில்லை. குழியில் மேலே விழும் பாரத்தைத் தாங்க எவ்வளவு உறுதி வேண்டுமோ அவ்வளவு இதில் இருக்கிறது என்று அமைதியாக விளக்கினார். ஈயம் கசியாமல் இருப்பதுதான் முக்கியம். சோதனையில் லிட்டருக்கு ஐந்து மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டியது, ஒன்றுக்கும் கீழே வந்திருக்கிறது என்றார். அப்புறம் ஒரு வார்த்தை சொன்னார்.

“இது தட்டிப் பார்க்கறதுக்கு இல்லண்ணா. உள்ள பிடிச்சு வெச்சுக்கறதுக்கு.”

மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தை ஆலை முழுக்கப் பரவியது. கேன்டீனில் ஒருவர் ஆறிப்போன தேநீரைக் கொடுத்துவிட்டு, இது குடிப்பதற்கு இல்லை, பிடித்து வைத்துக்கொள்வதற்கு என்றார். பெரிய சகலை தேநீரைக் குடித்தார். உள்ளே போனது தேநீர் மட்டும் இல்லை.

முதல் பெரிய கலவை போடும் நாள் வந்தது. இருபது டன், அதாவது ஐந்து மிக்ஸர் நிறைய. சின்ன சகலை பக்கத்திலேயே நிற்பதாக இருந்தது. முதல் மிக்ஸர் சுற்ற ஆரம்பித்த நேரத்தில், கேட்டில் ஒரு லாரியின் கசடைச் சோதிக்க வேண்டும் என்று கூப்பிட்டார்கள். நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள் அல்லவா என்று கேட்டுவிட்டுப் போனார்.

பெரிய சகலை பக்கவாட்டுக் கதவைத் திறந்து ஒரு பிடி எடுத்தார். அமுக்கினார். கையை விரித்ததும் பிடி உதிர்ந்தது, ஈர மணல் மாதிரி. பத்தொன்பது வருடத்தில் இப்படி உதிர்ந்த ஒன்றுக்கு அவர் தலையை ஆட்டியதில்லை. கை ஒத்துக்கொள்ளவில்லை. இது தரத்துக்காக, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இருபத்தெட்டாம் நாள் மாதிரி எடுக்க மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி வருவார். அவர் தட்டிப் பார்த்து, டங் என்று கேட்டு, இது யார் கலந்தது என்று கேட்பார். லோடர்காரர் சத்தமாகப் பெயரைச் சொல்வார். அது எப்படியும் இரண்டு தெருவைத் தாண்டி வீட்டுச் சமையலறை வரைக்கும் போகும். இதையும் தரத்தோடு சேர்த்துக்கொண்டார்.

ஒரு மூட்டை சிமெண்ட், அரை மூட்டை சுண்ணாம்பு. கிழித்துக் கொட்டினார். மிக்ஸர் அதை முனகாமல் வாங்கிக்கொண்டது. மறுபடி ஒரு பிடி எடுத்தார், நின்றது. தலையை ஆட்டினார். ஐந்து மிக்ஸருக்கும் அப்படியே செய்தார். எது எவ்வளவு போட்டோம் என்று எழுதும் பேட்ச் தாளில் மட்டும், சின்ன சகலை கொடுத்த கணக்கை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஏழாம் நாள் சாக்கை விலக்கினார். சுத்தியலை எடுத்தார். ஆள் சேரும் வரைக்கும் கொஞ்சம் இருமிக்கொண்டிருந்தார். தட்டினார்.

டங்.

பெரிய சகலை கை பட்டால் சாம்பல்கூட மணி அடிக்கும் என்றார் லோடர்காரர். சின்ன சகலை மட்டும் க்யூபைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அமுக்கும் இயந்திரத்தில் வைத்து உடைத்தபோது, அவர் கணக்கிட்டதைப் போல இரண்டரை மடங்கு தாங்கியது. நல்லதுதானே என்றார் பெரிய சகலை. நல்லதுதான், ஆனால் ஏன் என்று தெரியவில்லையே என்றார் அவர். நல்லது நடந்தால் அனுபவிக்கத் தெரியாத ஜென்மம் என்று பெரிய சகலை நினைத்துக்கொண்டார். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சீட்டி அடித்தார். குழாய் சொட்டாததுகூட அன்றைக்கு உறுத்தவில்லை.

அடுத்தது கசிவுச் சோதனை. உடைத்த க்யூபின் துண்டுகளை, லேசான அமிலம் கலந்த தண்ணீரோடு ஒரு பாட்டிலில் போட்டு, பதினெட்டு மணி நேரம் குட்டிக்கரணம் அடிக்க விடுவார்கள். பிறகு வடிகட்டி, தண்ணீரில் எவ்வளவு ஈயம் இறங்கியிருக்கிறது என்று அளப்பார்கள். ஐந்துக்குள் இருக்க வேண்டும்.

பதினான்கு.

மறுபடி செய்தார்கள். பதினான்கரை. மேனேஜர் அம்மா சின்ன சகலையைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். இருபது டன்னையும் குழிக்குப் போகாமல் கொட்டகையில் நிறுத்தி வைத்தார்கள். இருபத்தெட்டாம் நாளும் இப்படியே வந்தால், ப்ரொபேஷன் அன்றோடு முடியும் என்று செய்தி கசிந்தது. இந்தச் செய்தியைப் பிடித்து வைக்கும் சிமெண்ட் அந்த ஆலையில் இல்லை.

பெரிய சகலைக்கு முதல் ஐந்து நிமிடம் உள்ளுக்குள் இனித்தது. உண்மையைச் சொல்லத்தானே கதை. ஆறாவது நிமிடம், ஒரு மூட்டை சிமெண்ட்டும் அரை மூட்டை சுண்ணாம்பும் ஞாபகத்துக்கு வந்தன. அதனாலா, அதனால் இருக்காது, கெட்டியானால் எப்படிக் கசியும், என்று தனக்குள் வழக்காடினார். வக்கீலும் அவரே, ஜட்ஜும் அவரே. அப்படி இருந்தும் கேஸ் ஜெயிக்கவில்லை.

அன்று சாயங்காலம் சின்ன சகலையும் தங்கையும் வீட்டுக்கு வந்தார்கள். சின்ன சகலை கையில் ஒரு கத்தை காகிதம். காகிதக் கோப்பைகளில் திரும்பவும் அதே கலவையைச் செய்து பார்த்ததாகவும், அது ஒன்றுக்குக் கீழேதான் வருகிறது என்றும், பெரிய கலவை மட்டும் ஏன் இப்படி என்று புரியவில்லை என்றும் சொன்னார். தங்கை, பிரிக்காமல் வைத்தது நல்லதாகப் போயிற்று என்று அக்காவிடம் மெதுவாக ஒரு வார்த்தை சொன்னாள். அந்த மூன்று அட்டைப்பெட்டிகளைச் சொல்கிறாள் என்று எல்லோருக்கும் புரிந்தது.

“அண்ணா, கலக்கறப்ப ஏதாவது வித்தியாசமா தெரிஞ்சுதா?” என்று கேட்டார் சின்ன சகலை.

“ஒண்ணும் இல்லையே” என்றார் பெரிய சகலை. மெதுவாகத்தான் பேசினார், இந்தத் தடவை யாரும் வெந்நீர் வைக்கவில்லை.

மனைவி தேநீர் தம்ளர்களை வைத்துவிட்டு, “இவர் கையில தப்பு வராது. பத்தொன்பது வருஷத்துல ஒரு தடவை வந்ததில்ல” என்றாள்.

இந்த ஒரு வாக்கியத்துக்காக அவர் எத்தனை மாதம் காத்திருந்தார். குழாயைப் பார்த்துப் பார்த்து, தட்டைக் கழுவிக் கழுவி, மெதுவாகப் பேசிப் பேசிக் காத்திருந்தார். அது வந்தே வந்தது, வரக் கூடாத அன்றைக்கு. தேநீர் சூடாக இருந்ததா, ஆறியிருந்ததா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை, ஏதோ கையுறை கேட்கப் போகிறவர் போல லேபுக்குப் போனார். சின்ன சகலை உள்ளறையில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தார். மேசையில் நோட்டு திறந்திருந்தது. எங்கே தப்பு நடந்திருக்கலாம் என்று ஒரு பட்டியல். தண்ணீர், பார்த்தாச்சு. தராசு, பார்த்தாச்சு. உர மூட்டை, சாம்பல், பாட்டில், வடிதாள், எல்லாவற்றுக்கும் எதிரே ஒரு டிக். சிலவற்றுக்கு இரண்டு டிக். நடுவில் ஒரு வரிக்கு மட்டும் டிக் இல்லை.

‘கலந்தது: அண்ணா. பார்க்க வேண்டியதில்லை.’

அவர் அந்த வரியை மூன்று முறை படித்தார். திட்டி எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டுக்குப் பதில் சொல்லலாம். இதற்கு என்ன சொல்வது?

சின்ன சகலை ஈரக் கையோடு வெளியே வந்தார். பெரிய சகலை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, சும்மா ஒரு பொது அறிவுக்காகக் கேட்கிற மாதிரி, இந்தச் சுண்ணாம்பு இருக்கிறதே, அது கொஞ்சம் கூடிப்போனால் ஈயம் என்ன ஆகும் என்று கேட்டார்.

பாவம், அந்த மனிதருக்குத் தன் கவலை மறந்து உற்சாகம் வந்துவிட்டது. தேநீர்க் கோப்பையை இழுத்து வைத்து விளக்கினார். “ஈயம் ஒரு மாதிரி ஆளுண்ணா. கொஞ்சம் சுண்ணாம்பு காட்டினா அடங்கி உட்காரும். ரொம்பக் காட்டினா எழுந்து ஓடிடும். சிமெண்ட்டும் அப்படித்தான், கூடினா அதே கதை. கல்லு மாதிரி இருக்கும், ஆனா உள்ள இருந்து கரைஞ்சு வந்துடும். அதான் நான் சுண்ணாம்பே வேண்டாம்னு...”

அங்கே நிறுத்தினார். மேசையில் இருந்த க்யூபைப் பார்த்தார். பேனாவை எடுத்து அதன் தலையில் ஒரு தட்டு தட்டினார்.

டங்.

இவ்வளவு அசிங்கமான சத்தத்தைப் பெரிய சகலை தன் வாழ்நாளில் கேட்டதில்லை.

சின்ன சகலை பேனாவைப் பையில் செருகினார். நோட்டை மூடினார். பிறகு, “என் கணக்குல தப்புன்னு எழுதிக் குடுத்துடறேன். நீங்க இதுல வர வேண்டாம்ணா” என்றார். குரலில் கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. லேப் கோட்டைக் கழற்றி, நான்காக மடித்து நாற்காலியில் போட்டுவிட்டு, மேனேஜர் அறைப் பக்கமாக நடந்தார்.

பெரிய சகலைக்கு எங்கிருந்தோ பொங்கிக்கொண்டு வந்தது. குற்ற உணர்ச்சி என்று சொல்ல ஆசைதான். இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் அதையும் முந்திக்கொண்டு வந்தது அந்தப் பழைய சனியன்தான். குழாயும் அவர்தான் சரிசெய்வார், தட்டும் அவர்தான் கழுவுவார், முடியும் அவருக்குத்தான், இப்போது மூத்தவன் செய்த தப்பைத் தலையில் சுமந்து வேலையை விட்ட புண்ணியவான் என்ற பெயரும் அவருக்கேவா? இந்த மாதிரி ஒரு விஷயம் மூடியே இருக்காது. என்றைக்காவது வெளியே வரும். வந்தால், அதற்கப்புறம் அந்த வீட்டில் பெரிய சகலைக்கு உட்கார நாற்காலி கிடைக்குமா? விடக் கூடாது என்று முடிவு செய்தார்.

வேகமாக நடந்தார். காலடிச் சத்தம் கேட்டு முன்னால் போனவரும் வேகத்தைக் கூட்டினார். நடைபாதையில் இரண்டு நடுத்தர வயதுக்காரர்கள், ஓடக் கூடாது என்ற விதிமுறைப் பலகைக்குக் கீழே, ஓடாமல் ஓடினார்கள். படிக்கட்டில் பெரிய சகலை, பக்கவாட்டில் புகுந்து முந்தினார். ஐந்து மாதத்தில் அவர் சின்ன சகலையை முந்திய முதல் விஷயம் இதுதான்.

கதவைத் தட்டாமல் உள்ளே போய், “மேடம், நான்தான் போட்டேன்” என்றார்.

மேனேஜர் அம்மா, எதை என்றார். மிக்ஸருக்கு ஒரு மூட்டை சிமெண்ட், அரை மூட்டை சுண்ணாம்பு, ஐந்து மிக்ஸருக்கும், தாளில் எழுதவில்லை என்று ஒரே மூச்சில் சொன்னார். பின்னாலேயே வந்த சின்ன சகலை, அப்படியெல்லாம் இல்லை என்று ஆரம்பித்தார். நீங்கள் கொஞ்சம் சும்மா இருங்கள் என்றார் மேனேஜர் அம்மா. பெரிய சகலைக்கு அதுவும் கொஞ்சம் இதமாகத்தான் இருந்தது.

“ஏன் போட்டீங்க?”

அவர் மூன்று காரணம் தயாராக வைத்திருந்தார். கை ஒத்துக்கொள்ளவில்லை என்பது ஒன்று. மழை வரும் போலிருந்தது என்பது இன்னொன்று. மூன்றாவது இப்போது அவருக்கே ஞாபகம் இல்லை. வாயைத் திறந்தபோது மூன்றும் வரவில்லை.

“பொறாமை, மேடம்.”

மேனேஜர் அம்மா படிவத்தை எடுத்து, காரணம் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். பொறாமை என்று எழுதினால் மேலிடத்தில் என்ன கேட்பார்களோ. கடைசியில் ‘அனுமதியின்றிச் சேர்த்தது’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். இரண்டு மாதம் மிக்ஸர் பக்கமே போகக் கூடாது என்றார். அந்த இருபது டன்னையும் அவரேதான் உடைக்க வேண்டும் என்றார்.

உடைத்தார். முகமூடி, கண்ணாடி, முழங்கால் வரை பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு, இடிப்பு இயந்திரத்தைப் பிடித்தபடி மூன்று வாரம் உடைத்தார். தூசி பறக்காமல் இருக்கத் தண்ணீர் தெளித்துத் தெளித்து உடைக்க வேண்டும். அவ்வளவு கெட்டி. ஒவ்வொரு அடிக்கும் டங். மாஸ்டர் வேலை என்றால் வேலைதான், உடைகிறதா பாருங்கள் என்று போகிற வருகிற நேரமெல்லாம் லோடர்காரர் சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் மனைவி ஐந்து நாள் பேசவில்லை. ஆறாம் நாள், தங்கை வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வாருங்கள் என்றாள். போனார். வாசலில் நின்று, ஏதாவது குழாய் சொட்டுகிறதா என்று கேட்டார். தங்கை அவரை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் சிரித்துவிட்டு, “உள்ள வாங்க அத்தான்” என்றாள்.

உடைத்துப் பொடித்ததை, உரத்தைக் கூட்டிச் சேர்த்து மறுபடி கலந்தார்கள். இந்தத் தடவை சின்ன சகலை மிக்ஸர் பக்கத்திலிருந்து நகரவே இல்லை. இருபத்தெட்டாம் நாள் அதிகாரி வந்து மாதிரி எடுத்துக்கொண்டு போனார். வெளி லேபிலிருந்து முடிவு வந்தது. ஒன்றே கால். மேனேஜர் அம்மா வேலையை நிரந்தரமாக்கினார். அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை மூன்று அட்டைப்பெட்டிகளையும் பிரித்தாள். கயிறு அவிழ்க்கப் பெரிய சகலையைத்தான் கூப்பிட்டார்கள். முடிச்சு கெட்டியாக இருந்ததாம்.

இரண்டு மாதம் கழித்து அவர் மிக்ஸருக்குத் திரும்பியபோது பேட்ச் தாள் மாறியிருந்தது. கீழே புதிதாக ஒரு கட்டம்: ‘கூடுதலாகச் சேர்த்தது எது, எவ்வளவு, யார்?’ அச்சடித்து வந்த அன்றே அதற்கு ஆலையில் பெயர் வைத்தாகிவிட்டது, பெரிய சகலை கட்டம் என்று. புதிதாகச் சேருகிறவர்களுக்குக்கூட அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். மாஸ்டர் பட்டம் போனாலும், அச்சேறிய கட்டம் ஒன்று கிடைத்துவிட்டது.

திரும்பி வந்த முதல் வாரம், முலாம் பட்டறைக் கசடு. பக்கவாட்டுக் கதவைத் திறந்து ஒரு பிடி எடுத்து அமுக்கினார். விரல் இடுக்கில் ஈரம். கையை விரித்தார், பிடி சரிந்தது. சிமெண்ட் மூட்டை இரண்டடி தூரத்தில், வா வா என்று உட்கார்ந்திருந்தது. அவர் அதைப் பார்த்தார். அது அவரைப் பார்த்தது. கையுறையைக் கழற்றிவிட்டு லேபுக்குப் போன் போட்டார்.

“தம்பி, கை ஒத்துக்கல. வந்து பாருங்க.”

சின்ன சகலை வந்தார். அவரும் ஒரு பிடி எடுத்து அமுக்கினார். ஐந்தாறு தடவை அமுக்கினார், பழக்கமில்லாத கை. பிறகு டிரம் ஒன்றைத் திறந்து பார்த்தார். மூடி சரியில்லாமல் மழைத் தண்ணீர் இறங்கியிருந்தது. “நீங்க சொன்னது சரிதாண்ணா. நான் பார்க்காம விட்டுட்டேன்” என்றார். சாம்பல் நான்கு வாளி கூட்டிப் போடச் சொன்னார்.

பெரிய சகலை நான்கு வாளியும் போட்டார். மறுபடி அமுக்கினார், நின்றது. தலையை ஆட்டினார். பிறகு தாளை எடுத்து அந்தக் கட்டத்தில், சாம்பல், நான்கு வாளி என்று எழுதினார். யார் என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு, தன் பெயரை எழுதி, தாளை நீட்டினார். சின்ன சகலை அதன் கீழே தன் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கோட்டின் தூசியைத் தட்டிக்கொண்டு போனார்.

பெரிய சகலை தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மேலே தன் எழுத்து, கோழி கிளறிய மாதிரி. கீழே அந்த மனிதருடைய எழுத்து.

கையெழுத்துகூட அழகாக இருந்தது.